பல்லியமும் பன்னாட்டு இளைஞரும்

(திருச்சுழியில் நடைபெற்ற வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பல்லியம் என்பது பழந்தமிழ்ச் சொல். பல இயம், அதாவது பல இசைக்கருவிகள் கூடியது, என்று அதற்குப் பொருள். சங்கப் புலவருள் இச்சொல்லைத் தம் பெயரிலேயே தாங்கியவர்கள் உண்டு. நெடும்பல்லியத்தனார் என்னும் புலவர் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடியது புறநானூற்றில் 64-ஆம் பாட்டாக நிற்கிறது. யாழையும் ஆகுளியையும் பதலையையும் பையிலிட்டுக் கட்டிக்கொண்டு அப்பாண்டியனைக் காணப் புறப்படலாம் வா என்று விறலியை அவர் அழைக்கிறார். நெடும்பல்லியத்தை என்பாரின் பாடல் குறுந்தொகையில் உள்ளது. இசைக்குழுவின் பெயரைக் கவிஞர் தம் பெயராகக் கொண்ட மொழி தமிழ். ஆதலின் கவிஞர் கூடிய அவையில் இசைக்குழுவைப் பற்றிப் பேசுவது புறம்பான பேச்சாகாது.

இவ்வுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், பல நாட்டு இளைஞர் ஒன்றுகூடி அமைக்கும் சிறு இசைக்குழுக்களும் அவை போற்றும் இசைக் குறிக்கோளும் ஆகும். மேலைநாட்டார் இதனைச் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்பர். சேம்பர் என்றால் அறை. பெரிய அரங்குக்கு என்று அமையாமல் அரண்மனைக் கூடத்திலும் வீட்டு அறையிலும் சிலர் அமர்ந்து சிலர் கேட்க வாசித்த இசையே அறையிசை. சிம்ஃபனிக் குழுவில் எண்பது, நூறு பேர் அமர்வர். அறையிசைக் குழுவில் பதினைந்து முதல் நாற்பது பேர் வரை இருப்பர். அறையிசையின் உயிர்நாடியாகிய நால்வர் குழுவில் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கே கருவிகள்.

எண்ணிக்கை குறைவு என்பது மட்டுமே வேறுபாடு என்று கருதிவிடலாகாது. நூறு பேர் வாசிக்கும்போது நடுவில் மேடையேறிக் கோல் பிடித்து நிற்கும் நடத்துநர் இன்றியமையாதவர். வாசிப்போர் அவர் கையைப் பார்த்தால் போதும். சிறு குழுவில் அக்கை இல்லை, அல்லது இருந்தாலும் அதனையே நம்பியிருத்தல் ஆகாது. முதல் வயலின் வாசிப்பவர் மூச்சை உள்ளிழுக்கும் மெல்லிய ஒலிதான் தொடக்கக் குறிப்பு. வில் எழும் கோணமும் தோள் சாயும் சாய்வுமே தாளக் கோல். நியூயார்க்கில் 1972-இல் தொடங்கிய ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் எவருமின்றியே இயங்குகிறது. ஒவ்வோர் உருப்படிக்கும் ஒவ்வொருவர் முன்னின்று வழிநடத்துவார். அடுத்த உருப்படியில் அவரே பின்வரிசைக்குச் செல்வார். 1981-இல் ஐரோப்பிய இளைஞர் இசைக்குழுவில் வயது வரம்பைக் கடந்துவிட்ட இளைஞர் சிலர், பிரிந்துபோக மனமின்றித் தாமே தொடங்கியது சேம்பர் ஆர்கெஸ்ட்ரா ஆஃப் யூரோப். 1997-இல் நடத்துநர் கிளாடியோ அபாடோவும் இளைஞர்களும் சேர்ந்து தொடங்கியது மாலர் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா. இவ்விரண்டிலும் பல நாட்டார் உறுப்பினர்.

இவர்கள் போற்றும் குறிக்கோள் யாது? ஒரு சொல்லில் கூறுவதானால், கேட்டல். தன் வரியைத் தவறின்றி வாசிப்பது பயிற்சி பெற்ற எவருக்கும் இயலும். பக்கத்தில் இருப்பவர் வரியைக் கேட்டுக்கொண்டே தன் வரியை வாசிப்பதுதான் அரிது. மெல்ல வாசிக்க என்று தாளில் எழுதியிருந்தால், எவ்வளவு மெல்ல என்பதைத் தாள் சொல்லாது. இன்னிசை இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர் ஒலி மேலே தெரியும் அளவுக்கு மெல்ல என்பதே அதன் பொருள். அடுத்த நொடியில் இன்னிசை வேறொருவர் கைக்கு மாறும். மேலே இருந்தவர் கீழே இறங்கவேண்டும். அக்குழுவினர் இசைத்தாளுடன் எப்பொழுதும் ஒரு பென்சிலை வைத்திருப்பர். பயிற்சியின்போது தம் வரிக்கு மேல் அவர்கள் குறித்துவைப்பது பல இடங்களில் அடுத்தவர் வாசிக்கும் சுரங்களையே.

நால்வர் குழு வாசிப்பதை அறிவுடையோர் நால்வரின் உரையாடலாக ஜெர்மானியக் கவிஞர் கோத்தே தம் முதுமையில் நண்பருக்கு எழுதிய மடல் ஒன்றில் ஒப்பிட்டார். அவ்வொப்புமையில் வயோலாவின் நிலை தனியே எண்ணத்தக்கது. வயலினுக்கும் செல்லோவுக்கும் இடையில் நின்று இரண்டையும் பிணைப்பது அது. அது வாசிப்பதைத் தனியே பிரித்துக் கேட்போர் குறைவு. அது நின்றுவிட்டால் ஏதோ குறைகிறது என்பதை மட்டும் எல்லாரும் உணர்வர். பெயரும் வினையும் போலத் தனித்து நடவாமல் அவற்றோடு சார்ந்தே பொருள்படும் இடைச்சொல்லை இலக்கணம் கற்றோர் அறிவர். வயோலா இசைக்குழுவின் இடைச்சொல் எனலாம்.

இன்னொன்றும் உண்டு. இசைத்தாளில் சுரங்களுக்குக் குறி இருப்பதுபோல மௌனத்துக்கும் குறி உண்டு. சில கருவியாளர் நாற்பது, ஐம்பது அடைப்புகள் வாசிக்காமல் எண்ணிக்கொண்டே இருப்பர். அக்காலமெல்லாம் அவர் இசைக்கு வெளியே இல்லை, உள்ளேதான் இருக்கிறார். இத்திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவர், பின்னாளில் அருணாசலத்தில் ரமணராய் அமர்ந்து, பேசாதிருத்தலையே உபதேசமாகக் கொண்டார். அத்துறவுக்கும் இசைத்தாளின் மௌனத்துக்கும் முடிச்சுப் போடுவது மிகையாகலாம். ஆயினும் சும்மா இருப்பதும் ஒரு செயலே என்பதை இவ்வூரார்க்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இக்குறிக்கோள் மேற்கிலிருந்து வந்த புதுமை என்று எண்ணுவோர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். மாதவியின் ஆடலுக்கு இசைத்த பல்லியம் எவ்வாறு இயங்கியது என்பதை இளங்கோவடிகள் முறையாகக் கூறுகிறார். குழலின் வழி யாழ் நின்றது. யாழின் வழி தண்ணுமை நின்றது. தண்ணுமையின் பின் முழவு வந்தது. முழவோடு ஆமந்திரிகை கூடியது. ஒன்றை ஒன்று கேட்டுப் பின்தொடரும் முறை இதில் வெளிப்படை. இதனினும் நுட்பமானது தண்ணுமை ஆசிரியனுக்கு அடிகள் வகுக்கும் தகுதி. அவன் யாழையும் குழலையும் மிடற்றுப் பாடலையும் கேட்டு அவற்றோடு இயைய வாசிக்கவேண்டும். குறையும் இடத்தை நிரப்புதல் ஆக்கல். மிகும் இடத்தை அமைத்தல் அடக்கல். இரண்டையும் செய்யும்போது தன் கருவி பிறவற்றை விஞ்சிவிடலாகாது. விரைந்து வாசிப்பதையும் ஓங்கி வாசிப்பதையும் திறமையாக எண்ணும் இன்றைய மேடைகளுக்கு இவ்விலக்கணம் கசப்பாக இருக்கலாம்.

இனிப் பன்னாட்டு இளைஞர் குழுக்களுள் பெரும்புகழ் பெற்ற ஒன்றைக் காண்போம். 1999-ஆம் ஆண்டு, கோத்தே பிறந்து இருநூற்றைம்பது ஆண்டுகள் நிறைந்த வேளையில், அவர் வாழ்ந்த வைமர் நகரில் ஒரு பட்டறை கூடியது. கூட்டியவர் இருவர். ஒருவர் அர்ஜென்டினாவில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்த யூதர், பியானோக் கலைஞரும் நடத்துநருமாகிய டானியல் பாரன்பாய்ம். மற்றவர் எருசலேமில் பிறந்த பாலஸ்தீனர், அறிஞர் எட்வர்ட் சைத். இஸ்ரேலிய இளைஞரும் அரபு நாடுகளின் இளைஞரும் ஒரே இசைத்தாளைப் பகிர்ந்துகொண்டு அமர்ந்தனர். குழுவுக்கு வெஸ்ட் ஈஸ்டர்ன் திவான் என்று பெயரிட்டனர். அது கோத்தே 1819-இல் வெளியிட்ட கவிதைத் தொகுதியின் பெயர். பாரசீகக் கவி ஹஃபீஸை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்து வியந்த கோத்தே, தம் அறுபதுகளில் அக்கவிதைகளை இயற்றினார். போரிட்டுக்கொண்டிருக்கும் இனங்களின் இளைஞர்க்கு இசைக்குழு அமைத்தவர்கள் அதற்கு ஒரு கவிதை நூலின் பெயரைச் சூட்டினர் என்பது இவ்வவைக்கு உவப்பான செய்தி.

அந்நகரின் அருகிலேயே புக்கன்வால்ட் என்னும் நாஜி வதைமுகாம் இருந்த இடம் உள்ளது. இளைஞர்களை அங்கும் அழைத்துச் சென்றனர். பகலில் பீத்தோவன் பயிற்சி. இரவில் உரையாடல், சிலநாள் சச்சரவும்தான். பின்னர்க் குழு ஸ்பெயின் நாட்டின் செவில் நகரைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. சைத் 2003-இல் மறைந்தார். 2005 ஆகஸ்டில் பாலஸ்தீன நகரமாகிய ரமல்லாவில் இக்குழு வாசித்தது. எல்லை கடக்க இயலாத இளைஞர்க்கு ஸ்பெயின் அரசு தூதரகக் கடவுச்சீட்டு வழங்கியே அது நடந்தேறியது. மறு ஆண்டு லெபனானில் போர் மூண்டபோது சிரிய, லெபனானிய இளைஞர் வரவில்லை. அவர்களின் இருக்கைகளுக்குப் பிறரை அமர்த்த நேர்ந்தது.

ஆதலின் இசை போரை நிறுத்தும் என்று மேடையில் முழங்குவது பொருந்தாது. பாரன்பாய்மும் அவ்வாறு சொல்லவில்லை. தம் குழு அமைதித் தூதன்று, ஒருவரையொருவர் அறியாமைக்கு எதிரான முயற்சி என்றே அவர் பலகாலும் விளக்கினார். இந்த அளவான கூற்றே குழுவுக்குப் பெருமை சேர்க்கிறது. பகைவன் என்று சொல்லி வளர்க்கப்பட்டவனோடு ஒரே வில்லசைவில் ஒரே சுரத்தை வாசிக்க முயல்வது சிறிய செயல். அச்சிறிய செயலை அரசியலார் எவரும் செய்து காட்டவில்லை.

தெற்காசியாவுக்கு வருவோம். வைமர் முயற்சியின் சாயலில் இந்நிலத்திலும் ஒரு குழு தோன்றியது. இந்திய வெளியுறவுச் செயலராக 2009 முதல் 2011 வரை பணியாற்றிய நிருபமா ராவ், தம் கணவர் சுதாகர் ராவுடன் 2018-இல் பெங்களூரில் ஓர் அறக்கட்டளை நிறுவினார். அதன்வழி அமைந்தது தெற்காசிய சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா. பெயர் சிம்ஃபனி என்றாலும், ஒருவரையொருவர் கேட்டல் என்னும் அறையிசைக் குறிக்கோளே அதன் அடிப்படை. நிருபமா ராவ் ஆங்கிலத்தில் கவிதைத் தொகுதி வெளியிட்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இதன் முதல் கச்சேரி 2019 ஏப்ரலில் மும்பையில் நடைபெற்றது. அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளியினர் விஸ்வா சுப்பராமன் நடத்துநர். இந்தியர், இலங்கையர், நேபாளியர், ஆப்கானியர், வெளிநாடு வாழ் தெற்காசியர் எனப் பலர் கூடினர். சிராக், அதாவது விளக்கு, என்பது அம்மாலைக்கு இட்ட பெயர். காபூலில் இசை கற்பித்த லாரன் பிரைத்வெய்ட் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, தெற்காசிய நாடுகளின் இசையைத் தொடுத்து இக்குழுவுக்கென ஹம்சஃபர் என்னும் உருப்படியை அமைத்தளித்தார். உடன் பயணிப்பவர் என்பது அச்சொல்லின் பொருள்.

இதன் அருமையை அறிய ஒரு செய்தி போதும். தெற்காசிய நாட்டுத் தலைவர்களின் சார்க் உச்சி மாநாடு 2014-இல் காத்மாண்டில் கூடியதற்குப் பின்னர்க் கூடவேயில்லை. தலைவர்கள் ஒரு மேசையில் அமராத காலத்தில் இளைஞர் ஒரு மேடையில் அமர்ந்தனர்.

அவ்விளைஞருள் ஆப்கானியர் கதை தனியே கூறத்தக்கது. தாலிபான் முதல் ஆட்சியில் இசை தடைசெய்யப்பட்ட நாட்டில், 2010-இல் அகமது சர்மஸ்த் என்பார் காபூலில் இசைப்பள்ளி தொடங்கினார். தெருவில் பொருள் விற்றுத் திரிந்த சிறாருக்கும் தாய்தந்தை அற்றோர்க்கும் இடம் ஒதுக்கினார். ரபாபும் சித்தாரும் தபலாவும் வயலினோடும் செல்லோவோடும் அங்கே ஒன்றாக ஒலித்தன. 2014-இல் மாணவர் பங்கேற்ற நிகழ்ச்சியொன்றில் தற்கொலைப் படையினன் குண்டு வெடிக்க, சர்மஸ்த் படுகாயமுற்றுச் செவித்திறன் குன்றினார். கேட்டலைக் கற்பித்தவரின் செவியைக் குண்டு தாக்கியது. அவர் ஓயவில்லை. ஸொஹ்ரா என்ற பெயரில் பெண்கள் மட்டுமே அமைந்த குழு அப்பள்ளியிலிருந்து எழுந்து 2017-இல் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் வரை சென்று வாசித்தது. 2021 ஆகஸ்டில் தாலிபான் மீண்டும் காபூலைக் கைப்பற்றியது. பள்ளி மூடியது. மாணவரும் ஆசிரியரும் குடும்பத்தினருமாக இருநூற்றெழுபதுக்கும் மேற்பட்டோர் தோஹா வழியாகப் போர்ச்சுகலில் அடைக்கலம் புகுந்தனர். மும்பை மேடையில் அமர்ந்த 2019-இல், இரண்டே ஆண்டில் தம் நாட்டில் இசைக்கு இடமே இராது என்பதை அவ்வாப்கானிய இளைஞர் அறிந்திருக்க இயலாது.

இதுகாறும் சொன்னவை பெருமைக்குரியன. இனிச் சொல்வது பெருமையோடு ஒரு கேள்வியையும் எழுப்புவது. இத்தகைய குழுக்கள் கூடி வாசிப்பது பெரும்பாலும் பீத்தோவன், மொசார்ட், சைக்காவ்ஸ்கி. அவ்விசை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாரும் ஒருவர் வீட்டு விருந்தில் அமர்வது வேறு, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் சோற்றைக் கொண்டுவந்து பகிர்வது வேறு. தெற்காசிய இளைஞர் கூடும் குழுவில் தெற்காசிய இசை எவ்வுருவில் நுழையும்?

தடை எங்கே இருக்கிறது என்பதை அருப்புக்கோட்டைத் தறியை அறிந்தோர்க்கு எளிதில் விளக்கலாம். தறியில் நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. மேலை இசையிலும் இவ்வாறே இரண்டு ஓட்டங்கள் உண்டு. காலத்தில் முன்செல்லும் இன்னிசை ஒன்று. ஒரே நொடியில் மேலும் கீழுமாகப் பல சுரங்கள் பொருந்தி நிற்கும் ஹார்மனி மற்றொன்று. இரண்டும் ஊடாடித் துணியாகிறது. அதற்குச் சுரங்கள் அசையாமல் நிற்கவேண்டும். கர்நாடக இசையின் சுரமோ நிற்பதன்று, அசைவது. தோடியின் காந்தாரத்தை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டால் தோடி போய்விடும். அசைவே, கமகமே, அங்குச் சுரத்தின் உயிர். இழை ஆடிக்கொண்டே இருந்தால் தறியில் நெய்வது எவ்வாறு?

வைமர் பட்டறையிலும் இச்சிக்கல் வேறோர் உருவில் எழுந்தது. அரபு இசையை அரபியரே வாசிக்க இயலும் என்று ஒரு மாணவன் பிறரை விலக்கியதைச் சைத் பின்னர் எடுத்துரைத்தார். அவ்வாறாயின் ஜெர்மானியர் அல்லாத உனக்குப் பீத்தோவனை வாசிக்க உரிமை ஏது என்ற எதிர்வினா எழுந்தது. சில நாள் கழித்து அதே மாணவன், பட்டறைக்கு வந்திருந்த செல்லோ மேதை யோ யோ மாவுக்கு அரபுச் சுர அமைப்பில் செல்லோவை மீட்டும் முறையைக் கற்பித்துக்கொண்டிருந்தானாம். காவல் காத்தவன் ஆசிரியனாகிவிட்டான். எந்த ஐந்து கோட்டுத் தாளும் அதை அவனிடமிருந்து பறிக்கவில்லை, அவன் வாயிலாகவே அது பிறரை அடைந்தது.

தமிழகத்தில் இச்சிக்கலுக்கு விடை தேடியோர் உண்டு. அகில இந்திய வானொலி 1952-இல் வாத்திய விருந்தா என்னும் குழுவை அமைத்து, ரவிசங்கரையும் டி. கே. ஜெயராமையரையும் அதற்குத் தலைமை ஏற்கச் செய்தது. இந்தியக் கருவிகளைக் கொண்டே பல்லியம் அமைத்த முயற்சி அது. இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார். அதில் வயலின் வாசித்த வி. எஸ். நரசிம்மன் 1993-இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்னும் நால்வர் குழுவைத் தொடங்கினார். மேலே சொன்ன கேள்விக்கு நேரான விடையை முயன்றது இக்குழுவே என்று துணிந்து கூறலாம். ஒரு கிருதியை எடுத்துக்கொண்டு அதன் இன்னிசையைக் கமகம் குன்றாமல் ஒரு வயலினில் வைப்பர். மற்ற மூன்று கருவிகளும் அவ்விராகத்தின் இயல்பு கெடாத வகையில் சுரங்களைத் தேர்ந்து கீழே விரிப்பர். ஓர் இழை அசைய, மூன்று இழைகள் அதற்கு இடங்கொடுத்து நிற்கின்றன. எல்லா இராகங்களுக்கும் இம்முறை ஒத்துவருமா என்று வினவுவோர் உளர். சங்கராபரணம் இணங்குவதுபோல ஆகிரி இணங்காது. அது முறையின் எல்லையேயன்றிக் குற்றமாகாது. இவ்வாண்டுகளில் சென்னையில் மேலைக் கருவிகளைக் கற்போர் பெருகியுள்ளனர். ஏ. ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய இசைக்கல்லூரியின் சார்பில் வசதி குறைந்த வீட்டுச் சிறாரைக் கொண்ட சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் அமைந்தது. 2025 மார்ச் 8-ஆம் நாள் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவினர் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்ஃபனியை வாசித்ததைத் தமிழகமே கொண்டாடியது. ஆனால் அப்பெருங்கொண்டாட்டத்தின் இரைச்சலில் நால்வர் குழுவின் முப்பதாண்டு உழைப்பு பலர் செவிக்கு எட்டவில்லை என்பதும் உண்மை.

சென்னையை விட்டு இக்கரிசல் நிலத்துக்கே திரும்பலாம். இச்சிக்கல் இங்கும் வந்தது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடிச் சாலையில் தெற்கே செல்வோர் எட்டயபுரத்தைக் கடப்பர். பாரதி பிறந்த ஊர் என்பது எல்லாரும் அறிந்தது. முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்து அடக்கமான ஊரும் அதுவே. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்துவானாக இருந்தவர். இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அக்கருவியைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தோருள் முதல்வராக எண்ணப்படுபவர். கோட்டை வெள்ளையரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர், அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். அவையே நோட்டுஸ்வரங்கள். எல்லாம் சங்கராபரணச் சுரங்களில் அமைந்தவை, கமகமற்றவை. அயலாரின் சுரத்தை அயலாரின் நடையிலேயே நிற்கவைத்து, உள்ளே தம் தெய்வத்தை வைத்தார் அவர்.

அதே குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்தது. சென்னையில் அரசுப் பணியிலிருந்த சின்னசாமி முதலியார் என்னும் தமிழ்க் கிறித்தவர், கர்நாடக இசையை ஐரோப்பியரின் ஐந்து கோட்டுக் குறிப்பில் எழுதி உலகுக்கு அளிக்கவேண்டும் என்று உறுதிபூண்டு 1890-களில் நூல் வெளியிட்டார். அம்முயற்சியில் தம் பொருளையும் உடல்நலத்தையும் இழந்தார். அவர் எட்டயபுரம் மன்னரிடம் வேண்டியதன் பயனாகவும் அமைந்தது, பாலுசாமி தீட்சிதரின் சுவீகாரப் புதல்வர் சுப்பராம தீட்சிதர் இயற்றிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. 1904-இல் எட்டயபுரத்திலேயே தெலுங்கு எழுத்தில் அச்சானது. ஆயிரத்தெழுநூறு பக்கங்கள் கொண்ட அந்நூலில் சுரங்களை மட்டும் எழுதிவிட்டுச் சுப்பராம தீட்சிதர் அமையவில்லை. ஒவ்வொரு வகைக் கமகத்துக்கும் ஒவ்வொரு குறி அமைத்தார். கம்பிதம் என்றால் சுரத்தின்மேல் நெளிகோடு. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வேறு குறிகள். ஒரு கரிசல் ஊரின் அச்சுக்கூடத்தில் அக்குறிகளுக்கென அச்செழுத்து வார்த்துக் கோத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை. சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் அதனைத் தமிழெழுத்தில் பல பகுதிகளாக வெளியிட்டது.

அண்ணனின் நோட்டுஸ்வரம், தம்பி வழி வந்தவரின் கமகக்குறி. அயலிசையோடு பழகும்போது ஒன்று தன் அசைவை விட்டுக்கொடுக்கிறது. மற்றொன்று அசைவையும் தாளில் ஏற்றிக் கையளிக்கிறது. இரண்டையும் செய்தது ஒரே வீடு. பன்னாட்டு இளைஞர் குழுக்கள் இதுவரை பெரும்பாலும் முதல் வழியில் நடக்கின்றன. இரண்டாம் வழிக்கான பாதை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே போடப்பட்டு, புல் முளைத்துக் கிடக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, பங்குனிப் பொங்கலில் ஊரெங்கும் ஒலிக்கும் நையாண்டி மேளத்தைச் சொல்லாமல் விடுவது நன்றியன்று. இரண்டு நாதசுரம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தாளம். தாளும் இல்லை, நடத்துநரும் இல்லை. கரகம் ஆடுபவரின் காலடியைப் பார்த்துத் தவில் மாறும், தவிலைக் கேட்டு உறுமி மாறும். இளங்கோ கூறிய ஆக்கலும் அடக்கலும் அங்கே நாள்தோறும் நிகழ்கின்றன. அதனாலேயே அதுதான் மேலான அறையிசை என்று பெருமை பேசிவிடலாகாது. நாதசுரம் இரண்டும் ஒரே இன்னிசையைத்தான் மாறிமாறி வாசிக்கின்றன. வெவ்வேறு இன்னிசைகள் ஒரே நொடியில் தம் தனித்தன்மை கெடாமல் கூடி நடப்பது வேறு கலை, அதனைக் கற்றே தீரவேண்டும். கற்கப்போகும் கரிசல் இளைஞன் ஒருவன் கேட்கும் பழக்கத்தை மட்டும் ஊரிலிருந்தே எடுத்துச் செல்லலாம்.

கவிஞர்க்கும் இதில் பணி உண்டு. ஹம்சஃபர் போன்ற உருப்படி இனியொன்று அமையுமாயின் அதில் தமிழிசையும் இடம்பெறவேண்டும். எது இடம்பெறுவது? அயலார் எளிதில் பாடும் நேரான மெட்டா, வாய்க்கு வாய் அசையும் ஒப்பாரியும் தாலாட்டுமா? தாலாட்டை ஐந்து கோட்டில் நேராக்கி எழுதினால் குழந்தை உறங்காது. சுப்பராம தீட்சிதரின் நெளிகோட்டை வயோலா வாசிப்பவரின் தாளில் இட்டுத் தந்தால், காத்மாண்டிலிருந்து வந்த இளைஞன் முதலில் கேட்பது, இக்கோட்டுக்கு எத்தனை அசைவு, எவ்வளவு விரைவு என்பதாகத்தான் இருக்கும். அதற்குத் தாளில் விடையில்லை. பக்கத்து இருக்கையில் இருக்கும் தமிழ்நாட்டு வயலின்காரர் வில்லை எடுத்து ஒருமுறை வாசித்துக் காட்டவேண்டும், அவன் கேட்டு வாசிக்கவேண்டும், தவறினால் மறுமுறையும் வாசித்துக் காட்டவேண்டும். பயிற்சி நேரத்தில் அதற்கென அரைமணி ஒதுக்க நடத்துநர் இசையவேண்டும்.